புயலுக்கு முன்பா, பின்பா? நிவாரணப் பணத்தை எப்போது செலவழிப்பது

வேளச்சேரிவாசி:

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் துணி, அரிசி, பிஸ்கட், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து லாரி பிடித்து அனுப்புவது வழக்கம். இந்த ஆண்டு புயல் வருவதற்கு முன்பே கொஞ்சம் பணத்தை எங்காவது கொடுத்து வைக்கலாமே என்று சிலர் சொன்னோம். கூட்டத்தில் பெரிய எதிர்ப்பு. "வராத புயலுக்கு எதற்குச் செலவு? வந்த பிறகு கேட்டால்தான் ஜனங்களும் மனசு வைத்துக் கொடுப்பார்கள்" என்கிறார்கள்.

நிவாரண வேலையில் நேரடியாக இருந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். முன்னால் செய்யும் உதவியும் பின்னால் செய்யும் உதவியும் களத்தில் எப்படி நடக்கின்றன? எங்களைப் போன்ற சின்னச் சங்கம் எங்கே பயன்படும்?

நெய்தல்நிலம்:

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், நீளமாகத்தான் வரும்.

தமிழ்நாட்டில் அன்று இறந்தவர்கள் சுமார் 8,000 பேர். அதில் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் நாகை மாவட்டத்தில் மட்டும். முதல் இரண்டு நாட்களில் உடல்களை மீட்டது, காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியது, பள்ளிக்கூடத்தையும் கல்யாண மண்டபத்தையும் திறந்து சோறாக்கிப் போட்டது எல்லாம் பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்தான். எந்த நாட்டுப் பேரிடரை எடுத்துக்கொண்டாலும் முதல் சில மணி நேரம் இப்படித்தான்.

வெளியூர் லாரிகள் அதற்குப் பிறகு வந்தன, வந்தபோது மொத்தமாக வந்தன. அதில் பழைய துணி ஏராளம். நேற்று வரை சொந்த உழைப்பில் சாப்பிட்ட மீனவக் குடும்பங்களிடம் அடுத்தவர் உடுத்திக் கழித்ததைக் கொடுத்தால் எப்படி வாங்குவார்கள்? வாங்க மறுத்தார்கள். சாலையோரம் குவியல் குவியலாகத் துணி கிடந்தது. மக்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோக வேண்டிய ஆட்களும் வண்டிகளும் அதை அள்ளி அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று.

அடுத்து, யார் யாருக்குக் கொடுப்பது என்ற குழப்பம். பெரிய சாலையை ஒட்டிய குப்பத்துக்கு ஒரே பொருளை நான்கு நிறுவனங்கள் கொடுக்கும். உள்ளே தள்ளி இருக்கும் தலித் குடியிருப்புக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்கும் ஒன்றும் போயிருக்காது. இதைச் சரிசெய்யத்தான் ஸ்நேகா என்ற தொண்டு நிறுவனமும் சிஃப்ஸ் என்ற மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து என்.சி.ஆர்.சி. என்ற ஒருங்கிணைப்பு மையத்தை நடத்தினார்கள். எந்த ஊரில் எத்தனை குடும்பம், என்ன கிடைத்தது, என்ன பாக்கி என்று பட்டியல் போட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் குமாஸ்தா வேலை. அந்தப் பட்டியல் வந்த பிறகுதான் விடுபட்ட ஊர்கள் பலருடைய கண்ணிலும் பட்டன.

மீண்டும் தொழிலுக்குப் போக உதவும் கட்டத்தில் எல்லா நிறுவனங்களும் ஃபைபர் படகு கொடுக்க ஆசைப்பட்டன. படகில் பெயர் எழுதலாம், படம் எடுக்கலாம். கடைசியில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட ஃபைபர் படகுகள் அதிகமாகிவிட்டன. படகே வைத்திராத கூலி மீனவர்கள், தலைச்சுமையாக மீன் விற்ற பெண்கள், உப்புநீர் ஏறிய வயலில் வேலையிழந்த விவசாயக் கூலிகள், இவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதில் அந்த அளவு அக்கறை யாருக்கும் இருக்கவில்லை.

இவ்வளவும் "பின்னால்" கதை. "முன்னால்" கதைக்கு அதே நாளில் ஓர் உதாரணம் உண்டு. சுமத்ரா கடலடியில் நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை 6.29-க்கு. நம் கரைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது. அவ்வளவு அவகாசம் இருந்தும் சொல்ல ஆளில்லை, இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை மையமே கிடையாது. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் நடத்தும் மையம் 2007-இல்தான் வந்தது. ஆனால் புதுச்சேரி நல்லவாடு கிராமத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு தகவல் மையம் வைத்திருந்தது. கடல் நிலவரத்தையும் அலை உயரத்தையும் ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்வதற்காகப் போட்ட ஏற்பாடு. அன்று சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். உடனே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஊர் மொத்தமும் மேட்டுப் பக்கம் ஓடித் தப்பியது. யாரும் அதைச் சுனாமிக்காக வைக்கவில்லை. தினமும் பயன்பட்ட ஒரு மைக் அன்றைக்கும் வேலை செய்தது.

கணக்குப்பிள்ளை:

நெய்தல் சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுனாமி உதவிகளை மதிப்பிட்ட பன்னாட்டுக் கூட்டமைப்பு 2006-இல் அறிக்கை வெளியிட்டது. உலகம் முழுக்கச் சேர்ந்த தொகையைப் பாதிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு 7,100 டாலருக்கு மேல். அதே 2004-இல் பங்களாதேஷில் பெருவெள்ளம் வந்தது. அங்கே தலைக்கு 3 டாலர். தொலைக்காட்சியில் எது வந்ததோ அதற்குத்தான் பணம் போனது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2005 ஜனவரி முதல் வாரத்திலேயே, "சுனாமிக்குப் போதுமான பணம் வந்துவிட்டது, இனி அதற்கென்று அனுப்ப வேண்டாம்" என்று வெளிப்படையாகச் சொன்னது. அப்படிச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

நம் அரசு நிதியிலும் நீண்ட காலம் இதே கதைதான். மாநிலப் பேரிடர் நிதியைச் சேதம் நடந்த பிறகே எடுக்க முடியும் என்கிற மாதிரியான விதிகள். 15-ஆவது நிதிக்குழுதான் மொத்தத் தொகையில் 20 சதவீதத்தைத் தணிப்புப் பணிக்கென்று, அதாவது சேதத்தை முன்கூட்டியே குறைக்கும் வேலைக்கென்று, தனி நிதியாகப் பிரித்தது. மீதியிலும் ஒரு பங்கை முன்தயாரிப்புக்கு ஒதுக்கியது.

ஆனால் வேளச்சேரி சாரின் சங்கத்தில் எதிர்த்தவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பொதுப் பணம் வாங்கினால் கணக்குக் காட்ட வேண்டும். புயல் வரவில்லை என்றால், கொடுத்தவரிடம் எதைக் காட்டுவது?

டெல்டாக்காரன்:

நான் பட்டுக்கோட்டை பக்கம். கஜா புயல் வந்தபோது ஊரில்தான் இருந்தேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அதற்கு முன்னால் அரசு செய்த வேலை உண்மையிலேயே நன்றாக இருந்தது. 80,000-க்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்கு அழைத்துப் போனார்கள், எச்சரிக்கை தெளிவாக இருந்தது. இல்லாவிட்டால் எத்தனை உயிர் போயிருக்குமோ.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேதனை. ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்தன. கரண்ட் இல்லை என்றால் மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறாது, செல்போன் கோபுரம் இயங்காது. எங்களுக்கு என்ன தேவை என்று வெளியே சொல்லவே வழியில்லை. ரோடு முழுக்க மரம். மரம் அறுக்கும் மெஷின் வைத்திருந்தவன் அந்த வாரம் ஊருக்கே தெய்வம். மதுரை, கோயம்புத்தூரிலிருந்து எவ்வளவோ நல்ல மனசுக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், அவர்களை மறக்க மாட்டோம். ஆனால் வண்டிகள் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். ரோட்டோரத்தில் இருப்பவர்கள் வழிமறித்து வாங்கிக்கொள்வார்கள், அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, அவர்களும்தான் பசியோடு இருந்தார்கள். நான்கு கிலோமீட்டர் உள்ளே இருந்த கிராமத்துக்கு ஒன்றுமே வராது.

அப்புறம் தென்னை. விழுந்த மரத்துக்கு அரசு நிவாரணம் அறிவித்தது, வெட்டி அகற்றும் கூலியும் சேர்த்து மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய். புதிதாக வைக்கும் கன்று காய்க்க ஐந்தாறு வருஷம். அதுவரை அந்தக் குடும்பம் எதைத் தின்னும்? லாரிகள் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டன. எங்கள் பக்கத்தில் கஷ்டம் உண்மையில் ஆரம்பித்தது ஜனவரிக்குப் பிறகு. அப்போது எந்தச் சங்கமும் வரவில்லை. வேளச்சேரி சார், உங்களால் முடிந்தால் ஆறு மாதம் கழித்து வாருங்கள்.

செவிலி:

பழைய துணியைப் பற்றிச் சொன்னீர்கள். மருந்திலும் பால்பவுடரிலும் இதே தவறு உயிருக்கே ஆபத்து.

சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேவுக்கு 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. பாதிக்கு மேல் அங்கே தேவைப்படாதவை, பெரும்பாலானவற்றில் உள்ளூர்க்காரர்களுக்குப் புரியாத மொழியில் லேபிள். சில நூறு டன் மருந்தை அழிப்பதே தனி வேலையாகிப்போனது. 2006 மே மாதம் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு முகாம்களில் குழந்தைகளுக்குப் பால்பவுடரை அள்ளிக் கொடுத்தார்கள். அதை வாங்கிய வீட்டுக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு மற்றவர்களைவிட இரு மடங்கு இருந்ததாக ஆய்வில் தெரிந்தது. சுத்தமான தண்ணீர் இல்லை, புட்டியைக் கொதிக்க வைக்க வழியில்லை, இருந்த தாய்ப்பாலும் நின்றுபோகும். பேரிடர் முகாமுக்குப் பால்பவுடர் நன்கொடை அனுப்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்வது இதனால்தான். தாய்க்குச் சாப்பாடும், உட்கார்ந்து பால் கொடுக்க ஒரு மறைவான இடமும் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும். தாயில்லாக் குழந்தைக்கு மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்க வேண்டும், அது வேறு.

இன்னொன்று. பிணங்களால் கொள்ளைநோய் வரும் என்று பயந்து அவசர அவசரமாகப் பெருங்குழியில் புதைக்கிறார்கள். இயற்கைப் பேரிடரில் இறந்தவர்களின் உடலால் அப்படி நோய் பரவுவது மிக அரிது. நோய் பரவுவது கெட்ட தண்ணீராலும் கழிப்பறை இல்லாததாலும். புகைப்படம்கூட எடுக்காமல் புதைத்துவிட்டால் அந்தக் குடும்பம் இறப்புச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் வருஷக்கணக்கில் அலையும். சான்றிதழ் இல்லாமல் இழப்பீடு கிடையாது.

ஹைட்டியை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. 2010 ஜனவரி நிலநடுக்கத்தில் பிழைத்த நாடு அது. அந்த அக்டோபரில் ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்து காலரா வந்தது. சுமார் 10,000 பேர் இறந்தார்கள். தனக்கும் அதில் பங்குண்டு என்று ஐ.நா. ஒப்புக்கொள்ள 2016 ஆகிவிட்டது. உதவ வந்தவர்கள் தங்கள் கழிப்பறையைச் சரியாக வைத்திருந்தாலே போதுமாக இருந்தது.

மீன்பாடும்தேனாடு:

நான் மட்டக்களப்பு. எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லுறன்.

இலங்கையில் சுனாமிக்கு 30,000-க்கு மேல் சனம் செத்தது, அதில் பெரும்பகுதி வடக்கு கிழக்கில். அலை வந்து கொஞ்ச நாளில் அரசாங்கம் கரையோரத்தில் வீடு கட்டக்கூடாத வலயம் என்று அறிவிச்சது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கு கிழக்கில் 200 மீட்டர். பாதுகாப்புக்குத்தான் என்று சொன்னார்கள். கடற்கரை நெடுகிலும் நெருக்கமாகச் சனம் வாழுற அம்பாறைப் பக்கத்தில் 200 மீட்டரை விட்டால் மாற்றுக் காணிக்கு எங்கே போறது? பணம் இருந்தது, வீடு கட்ட நிறுவனங்கள் வரிசையில் நின்றன, காணி இல்லை. சனம் தகரக் கொட்டிலில் வெந்துகொண்டு காத்திருந்தது. பிறகு அந்தத் தூரத்தைத் தளர்த்தினார்கள். அதற்குள் எவ்வளவு காலம் வீணாப் போச்சு.

சில இடங்களில் கடலுக்கு வெகு தூரத்தில் வீட்டுத்திட்டம் போட்டார்கள். கரைவலை இழுக்கிறவன் விடியப்புறம் எப்படிக் கடலுக்கு வாறது? வலையையும் எஞ்சினையும் எங்கே வைக்கிறது? சனத்தைக் கேட்டிருந்தால் அரை நாளில் சொல்லியிருக்கும்.

நீங்கள் ஊருக்கு ஒரு பட்டியல் என்று சொல்லுறீங்கள். எங்கட ஜி.எஸ்.மாரிடம், அதாவது கிராம அலுவலர்களிடம், குடும்பப் பதிவு எப்பவும் இருக்கும். ஆனால் போரால் இடம்பெயர்ந்து வந்து உறவுக்காரர் வளவில் குடிசை போட்டு இருந்த சனம் பல இடத்தில் அந்தப் பதிவில் இல்லை. பதிவில் இல்லாதவனுக்கு நிவாரண அட்டையும் இல்லை. பட்டியல் போடுகிறவர்கள் முதலில் தேட வேண்டியது அந்தச் சனத்தைத்தான்.

வங்கக்கரை:

கணக்குப்பிள்ளை சாரின் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். புயல் தயாரிப்பு சம்பந்தமான வேலைக்காகப் பங்களாதேஷிலும் ஒடிசாவிலும் இருந்திருக்கிறேன்.

1970 நவம்பர் 12 போலா புயலில் இன்றைய பங்களாதேஷில் இறந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல், 5 லட்சம் என்றும் சொல்வார்கள். அதன் பிறகு 1972-இல் அரசும் செம்பிறைச் சங்கமும் சேர்ந்து புயல் தயாரிப்புத் திட்டத்தைத் தொடங்கின. கடலோர ஊர்களில் தன்னார்வலர்கள், கையில் மெகாபோன், சைரன், ரேடியோ. ஆபத்தின் அளவைக் காட்ட ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடி ஏற்றுவார்கள். இன்று 76,000-க்கு மேல் தன்னார்வலர்கள், பாதிப் பேர் பெண்கள்.

அந்தப் பாதி சும்மா வரவில்லை. 1991 ஏப்ரல் புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள், ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகம். எச்சரிக்கை கிடைத்தும் பல பெண்கள் புகலிடத்துக்குப் போகவில்லை. ஆண்களோடு ஒரே கூடத்தில் நெருக்கிக்கொண்டு இருக்க வேண்டும், தனிக் கழிப்பறை இல்லை, கணவன் வந்து சொல்லாமல் எப்படிக் கிளம்புவது, மாட்டை யாரிடம் விடுவது? கட்டடம் கட்டினால் மட்டும் போதாது என்று அப்போதுதான் உறைத்தது. பெண்களுக்குத் தனி அறை, கால்நடைகளுக்கு மண்ணைக் கொட்டி உயர்த்திய மேடு, கதவைத் தட்டிக் கூப்பிட ஊர்ப் பெண்களே தன்னார்வலர்கள் என்று படிப்படியாக மாற்றினார்கள். 2007 சிட்ர் புயலில் இறப்பு சுமார் 3,400. அதுவும் பெரிய இழப்புதான், ஒரு புயலின் வலிமையும் இன்னொன்றின் வலிமையும் ஒன்றல்ல. ஆனாலும் லட்சங்களிலிருந்து ஆயிரங்களுக்கு வந்தது.

ஒடிசாவும் இதே பாதைதான். 1999 பெரும்புயலில் சுமார் 10,000 பேர் போனார்கள். அந்த ஆண்டே மாநிலப் பேரிடர் ஆணையம் அமைத்தார்கள். 2013-இல் ஃபைலின் வந்தபோது கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை வெளியேற்றினார்கள். இறப்பு சில பத்துகளோடு நின்றது.

பண விஷயம் இனிமேல்தான். 2020 ஜூலையில் யமுனை ஆற்றில் வெள்ளம் வரும் என்று முன்கணிப்பு சொன்னது. இது நம் டெல்லி யமுனை இல்லை, பிரம்மபுத்திராவுக்குப் பங்களாதேஷில் அந்தப் பெயர். ஆறு உச்சத்தைத் தொடும் முன்பே ஐ.நா.வின் அவசர நிதியிலிருந்து சுமார் 52 லட்சம் டாலர் விடுவிக்கப்பட்டது. ஏழைக் குடும்பங்களுக்குக் கைப்பேசி வழியாக 4,500 டாக்கா (அந்த நாட்டுப் பணம்) போனது. சில குடும்பங்களுக்கு மாட்டுத் தீவனமும் விதை, தானியம் நனையாமல் வைக்க மூடிபோட்ட டிரம்மும் கொடுத்தார்கள். வெள்ளம் வந்த பிறகு மாட்டைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு, வட்டிக்குக் கடன் வாங்கி, அடுத்த மூன்று வருஷம் அதைக் கட்டும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வெள்ளத்துக்கு முன்னால் கையில் இருக்கும் காசு அந்த விற்பனையைத் தடுக்கும்.

இதில் முக்கியமான ஏற்பாடு, எந்த அளவு முன்கணிப்பு வந்தால் எவ்வளவு பணம், யாருக்கு, எந்த வழியில் என்பதை மாதங்களுக்கு முன்பே எழுதி வைத்துவிடுவது. மழை வந்த பிறகு கூட்டம் போட்டு விவாதிக்க வேண்டியதில்லை. புயல் வராமல் போனால் கொடுத்தவரிடம் எதைக் காட்டுவது என்று கேட்டீர்கள். அந்த எழுதி வைத்த தாளையும், பயிற்சி எடுத்த ஆட்களையும், செலவாகாமல் வங்கியில் இருக்கும் பணத்தையும் காட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை:

நன்றி, இதை எங்கள் ஆட்களிடமும் சொல்லலாம். ஆனால் ரொக்கமாகக் கொடுத்தால் ஆம்பளைகள் நேராக டாஸ்மாக் போய்விடுவார்கள் என்று எல்லோரும் சொல்வார்களே?

நெய்தல்நிலம்:

அந்தப் பயம் எனக்குத் தெரியும். பல நாடுகளில் ரொக்க உதவியை ஆராய்ந்திருக்கிறார்கள். குடிக்கும் புகைக்கும் செலவு கூடியதாகப் பொதுவாகத் தெரியவில்லை. சாப்பாடு, கடன் அடைப்பு, கூரை, பள்ளிக்கூடச் செலவு என்றுதான் போகிறது. பெண்கள் கணக்கில் போட்டால் இன்னும் நல்லது. இழந்தவர்களுக்குத் தங்கள் தேவை தெரியாது என்று நாம் நினைப்பதுதான் எனக்கு வருத்தம். அரிசியாகக் கொடுத்தால் அதில் பாதியை விற்றுத்தான் மருந்து வாங்குவார்கள், அதை நேரில் பார்த்திருக்கிறேன்.

டெல்டாக்காரன்:

அண்ணா, ஒரு விஷயத்தில் உங்களோடு உடன்பட மாட்டேன். கஜாவுக்கு அடுத்த நாள் என் கையில் பத்தாயிரம் ரூபாய் இருந்தாலும் என்ன வாங்கியிருப்பேன்? கடை திறக்கவில்லை, ஏடிஎம் செத்துக் கிடந்தது. எங்களுக்கு வேண்டியிருந்தது தார்ப்பாய், மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, குடிதண்ணீர், நாப்கின், தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஒரு ஜெனரேட்டர். இவை பொருளாகத்தான் வந்தாக வேண்டும்.

வங்கக்கரை:

நீங்கள் சொல்வது சரிதான் தம்பி. சந்தை நின்றுபோன இடத்தில் ரொக்கம் உதவாது. அந்தப் பொருட்கள் புயலுக்கு அப்புறம் சென்னையிலிருந்து கிளம்பினால் உங்களுக்கு வந்து சேர நான்கைந்து நாள் ஆகும். அக்டோபரிலேயே உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ புயல் பாதுகாப்பு மையத்திலோ பூட்டி வைத்திருந்தால் அன்று காலையே கையில் இருந்திருக்கும். முகாம்களுக்கென்று ஸ்ஃபியர் அளவுகோல் ஒன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், படுக்க 3.5 சதுர மீட்டர் இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. உங்கள் ஊர் முகாமில் எத்தனை பேர் தங்குவார்கள் என்று தெரிந்தால், என்ன குறைகிறது என்பதை மழைக்கு முன்பே கணக்குப் போட்டுவிடலாம்.

வேளச்சேரிவாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு இந்த இழையை அச்செடுத்துச் செயற்குழுவில் வாசித்தோம். இரண்டு மணி நேரம் பேச்சு. முடிவு இப்படி வந்திருக்கிறது: பழைய துணி இனிமேல் கிடையாது. இருக்கும் நிதியை மூன்றாகப் பிரிக்கிறோம். ஒரு பங்கில் இப்போதே தார்ப்பாய், மரம் அறுக்கும் மெஷின், வாடகை ஜெனரேட்டருக்கு முன்பணம். இரண்டாவது பங்கு, எச்சரிக்கை வந்தவுடன் அனுப்ப. மூன்றாவதை ஆறு மாதம் கழித்துத்தான் தொடுவது என்று தீர்மானமாகவே எழுதியிருக்கிறோம், டெல்டாக்காரன் தம்பிக்காக. ஒரே ஊராட்சியோடு தொடர்ந்து வேலை செய்யலாம் என்று நினைக்கிறோம். அங்கே யாரிடம் முதலில் பேசுவது? தலைவரிடமா, விஏஓவிடமா?

டெல்டாக்காரன்:

இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் பிறகு சங்கடம். ஆனால் பட்டியல் போட மகளிர் சுயஉதவிக் குழுவையும் அங்கன்வாடி அக்காவையும் பிடியுங்கள். எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, எந்த வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர், எந்த வீட்டில் டயாலிசிஸ் போகிறவர் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ரேஷன் கார்டு இல்லாத செங்கல் சூளைக் குடும்பங்களையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். மட்டக்களப்பு அண்ணன் சொன்னதைப் படித்த பிறகு எங்கள் ஊரில் அப்படி எத்தனை குடும்பம் என்று நானும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

மெஷின் வாங்கும்போது உதிரிச் சங்கிலியும் சேர்த்து வாங்குங்கள் சார். பச்சைத் தென்னையை அறுத்தால் சீக்கிரம் மழுங்கிவிடும், அந்த நேரத்தில் எங்கள் பக்கம் கடையில் கிடைக்காது.